கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி கடைக்காரரிடம் ஒரு வார்த்தை

மார்த்தாண்டத்தில் நேந்திரம் சிப்ஸ், தேன், கருப்பட்டி விற்கிற கடை என்னுடையது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்வைப்பிங் மெஷினும் இருக்கிறது, க்யூஆர் அட்டையும் இருக்கிறது. வாங்க வருகிறவர்களுக்கு எதில் கொடுத்தாலும் ஒன்றுதான். என் கணக்கில் விழுகிற பைசாதான் மாறும்.

கல்யாண வீட்டுக்கு ஒருவர் 3,000 ரூபாய்க்கு சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் எடுக்கிறார் என்று வையுங்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கி என்னிடம் பிடிப்பது 2 சதவீதம், அதாவது 60 ரூபாய். அந்த 60-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 10.80. ஆக 70.80 போய் 2,929.20 வரும். அவரே ரூபே (விசா, மாஸ்டர் மாதிரி நம் நாட்டு கார்டு) டெபிட் கார்டைத் தேய்த்தாலோ, வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் அனுப்பினாலோ 3,000 ரூபாயும் முழுசாக வந்துவிடும். 2020 ஜனவரி 1 முதல் இந்த இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. விசா, மாஸ்டர் டெபிட் கார்டுகள் நடுவில் நிற்கும்: வருட வியாபாரம் 20 லட்சத்துக்குள் இருக்கிற கடைக்கு அதிகபட்சம் 0.40 சதவீதம், அதற்கு மேல் போனால் 0.90. கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி இப்படி வரம்பு கட்டவில்லை, அதனால் கடைக்குக் கடை விகிதம் வேறு.

எனவே பர்ஸிலிருந்து எடுக்கும்போதே கார்டில் ரூபே என்று இருக்கிறதா, டெபிட்டா கிரெடிட்டா என்று பாருங்கள். டெபிட் கார்டுக்கு "ரெண்டு பர்சென்ட் கூட ஆகும்" என்று யாராவது சொன்னால் கொடுக்க வேண்டாம். அந்தக் கட்டணத்தைப் பொருள் வாங்குகிறவர் தலையில் கட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கிரெடிட் கார்டு கதை வேறு. அங்கே பேரத்தைத் திருப்பிப் போடுங்கள்: "யூபிஐயில் தாரேன், எவ்வளவு குறைப்பீங்க?" நாகர்கோவிலில் 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் எடுத்தால், 2 சதவீதக் கணக்கில் கடைக்காரருக்கு வரியோடு 944 ரூபாய் மிச்சம். அதில் பாதியாவது கேட்டு வாங்கலாம். நானே, 70 ரூபாயை வங்கிக்குக் கொடுப்பதைவிட ஒரு பாக்கெட் சிப்ஸ் கூடப் போட்டுக் கொடுப்பேன். கிரெடிட் கார்டில் கிடைக்கிற ரிவார்டு பாயிண்ட் வேண்டும் என்பவர்கள் ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்துக்கொள்ளலாம். 2,000 ரூபாய் வரை சின்னக் கடைக்காரருக்கு அதிலும் பிடித்தம் இல்லை.

சாயா, பஸ் ஸ்டாண்ட் வடை மாதிரிச் செலவுக்கு, முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்கிற யூபிஐ லைட் போதும். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை, இருப்பு 5,000 வரை. பின் நம்பர் அடிக்க வேண்டாம். பாஸ்புக்கில் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் என்று பக்கம் பக்கமாக நிறையாது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

பேச்சிப்பாறை மேல்பக்கம் போகிறவர்கள் கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் வரும் போகும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை இலவசம், சொந்த வங்கியிலும் ஐந்து. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை பிடிப்பார்கள், வரி தனி. கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

பெட்ரோல் பங்கில் கிரெடிட் கார்டுக்கு 1 சதவீதம் கூடுதலாக ஏறும். பல கார்டுகள் அதைத் திருப்பித் தரும், ஆனால் அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி பெரும்பாலும் திரும்பாது. யூபிஐயில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

டெபிட் கார்டுக்குக் கூடுதல் கேட்டு அடம்பிடிக்கிற கடையில், அந்தத் தொகையை பில்லில் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் பில்லோடு உங்கள் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மேற்கொண்டு எப்படிப் புகார் செய்வது என்று சொல்வார்கள்.