ஆர்டரில் நாட்கள் எங்கே தொலைகின்றன? பனியன் ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சீசனுக்கு 90 நாள் கொடுத்த பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) இந்த சீசனுக்கு 70 நாளில் சரக்கு வேண்டும் என்கிறார். திருப்பூரில் இதைக் கேட்டதும் முதலில் வரும் யோசனைகள் எல்லோருக்கும் மனப்பாடம்: நைட் ஷிப்ட் போடு, இன்னும் நாலு பவர்டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட்) பிரித்துக் கொடு, லாரியை முன்கூட்டியே வரச் சொல். இதில் எதுவும் பெரிதாக நாளைக் குறைப்பதில்லை. ஏனென்றால் நாட்கள் போவது வேலையில் அல்ல.

ஒரு சாதாரண டீ-சர்ட்டைத் தைத்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அடர்ந்த நிறத்துச் சாயம் ஏற்றுவதற்கும் மெஷினில் ஒரு ஷிப்டுக்குச் சற்று மேலே பிடிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் சாயப்பட்டறைக்குப் போன துணி ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் திரும்புகிறது. மெஷினில் ஓடிய நேரம் போக மீதியெல்லாம் கோரா துணி (சாயம் ஏறாத துணி) ரோலாக ஓர் ஓரத்தில் கிடந்த நேரம். பிறகு காம்பாக்டிங்கில் (துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கி எடுக்கும் வேலை) வரிசை, கட்டிங்கில் வரிசை, செக்கிங்கில் வரிசை.

பலர் செய்யும் முதல் தவறு, இந்தக் காத்திருப்பை எங்குமே எழுதி வைக்காதது. ரிஜிஸ்டரில் சரக்கு உள்ளே வந்த தேதி இருக்கும், வெளியே போன தேதி இருக்கும். கையில் எடுத்த தேதி இருக்காது. நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஓர் ஆர்டரைப் பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் ‘வந்தது, எடுத்தது, முடிந்தது’ என்று மூன்று தேதி குறித்துப் பாருங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு நோட்டு போதும். வந்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் இருக்கும் நாட்களைக் கூட்டினால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தவறு இன்னும் பிடிவாதமானது. ‘எப்படியும் லேட்டாகும், முன்னாடியே உள்ளே தள்ளிவிடுவோம்’ என்று எல்லா ஆர்டரையும் ஒரே நேரத்தில் கட்டிங்கில் இறக்குவது. ஃப்ளோரில் பண்டில் (வெட்டிய பாகங்களின் கட்டு) குவிந்து கிடந்தால் முதலாளிக்கு வேலை நடப்பது போல ஒரு நிம்மதி. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு விதி உண்டு: உள்ளே கிடக்கும் சரக்கை, ஒரு நாளைக்கு வெளியேறும் சரக்கால் வகுத்தால், ஒரு பீஸ் சராசரியாக உள்ளே தங்கும் நாள் கிடைக்கும். தையலில் 60,000 பீஸ் கிடக்கிறது, தினமும் 5,000 வெளியேறுகிறது என்றால் இன்று உள்ளே போகும் பீஸ் வெளியே வர 12 நாள். மேலும் 30,000 பீஸைத் தள்ளினால் 18 நாள். தையல்காரர் கை அப்படியே இருக்கிறது, நாள் மட்டும் கூடியிருக்கிறது. கூடவே பண்டில் கலந்துபோவது, சைஸ் மாறுவது, ‘அந்த மீடியம் எங்கே’ என்று தேடுவது. வெளியேறும் அளவுக்கு மட்டும் உள்ளே விடுங்கள். அடுத்த ஆர்டரை ஒரு வாரம் தள்ளித் தொடங்கினாலும் அதே நாளில்தான் முடியும், பெரும்பாலும் சுத்தமாகவும் முடியும்.

மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் பழக்கமும் இதே வகைதான். வண்டி வாடகை மிச்சம் என்று மூன்று கலர் துணியும் சேரும்வரை சாயத்துக்கு அனுப்பாமல் வைப்பார்கள். மிச்சமான வாடகை கண்ணுக்குத் தெரிகிறது. முதல் கலர் சும்மா கிடந்த நாட்கள் எந்த வவுச்சரிலும் வருவதில்லை.

அடுத்தது சராசரியை நம்புவது. டையிங்குக்குச் சராசரியாக ஆறு நாள், பிரிண்டிங்குக்கு நாலு நாள் என்று பிளானில் போட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு பீஸ் முழுதாக வேண்டுமென்றால் பாடி துணி, ரிப் (கழுத்துப் பட்டைக்கான துணி), காலர், பிரிண்ட், லேபிள் எல்லாம் ஒன்றாக வந்து சேர வேண்டும். நான்கு வந்து ஒன்று வராவிட்டால் ஐந்தும் வராத மாதிரிதான். இதில் ஃபேக்டரிகளை அடிக்கடி மாட்டிவிடுவது ரிப். பாடியை ஒரு லாட்டிலும் ரிப்பை வேறொரு லாட்டிலும் சாயம் போட்டால், குழாய் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த நேவி புளூ, லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டி) வைத்ததும் இரண்டு நிறமாகப் பிரியும். கழுத்து ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடு. திருப்பி அனுப்பி மறுசாயம் போட்டு வாங்குவதற்குள் பாடி துணி ரேக்கில் ஒரு வாரம் தூங்கும். ரிப்பையும் காலரையும் பாடி துணியோடு ஒரே லாட்டில் போடச் சொல்வது ஒரு வரி வேலை. சாயப்பட்டறைக்கு புரோகிராம் (வேலைக் குறிப்பு) எழுதும்போதே அந்த வரியை எழுதிவிட வேண்டும்.

அப்ரூவல் விஷயத்தில் வரிசையாகக் காத்திருப்பதும் வீண். லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரி), பிரிண்ட் ஸ்ட்ரைக்-ஆஃப் (பிரிண்டின் மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி) மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஒரே கூரியரில் போகலாம். லேப் டிப்பில் ஒரே ஒரு ஷேடு அனுப்பி, ‘கொஞ்சம் சிவப்பு கூடுதல்’ என்று பதில் வந்து, மறுபடி அனுப்புவதைவிட, முதலிலேயே பக்கத்துப் பக்கத்து ஷேடுகளாக மூன்று அனுப்பினால் ஒரு சுற்று மிச்சம். பையர் சொன்ன சப்ளையரிடம்தான் லேபிள் வாங்க வேண்டும் என்றால் அதைத் துணிக்கு முன்பே புக் செய்யுங்கள். சின்னப் பொருள்தானே என்று கடைசிக்குத் தள்ளும் வாஷ்கேர் லேபிளுக்காக மொத்தச் சரக்கும் நின்றுபோவது இந்த ஊரில் சாதாரணம்.

எல்லாக் காத்திருப்பும் வெட்டத் தக்கதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லைக்ரா கலந்த துணியை ரோலிலிருந்து பிரித்து, வெட்டும் முன் ஒரு நாள் ஆறப்போடுவது நாளை வீணாக்குவது போலத் தெரியும். அவசரத்தில் அதை விட்டால், இழுபட்டிருந்த துணி வெட்டிய பிறகு சுருங்கும், அளவு குறையும், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயிலாகும். ஒரு நாளை மிச்சம் பிடித்து ஐந்து நாள் ரீ-செக்கிங் பார்ப்பார்கள்.

ஃபேக்டரி கேட்டைத் தாண்டிய பிறகு கணக்கே மாறிவிடுகிறது. உள்ளே அரை நாள் தாமதம் என்றால் அரை நாள்தான். தூத்துக்குடியில் அரை நாள் தாமதம் என்பது ஒரு வாரம், ஏனென்றால் பல சர்வீஸ்கள் வாரம் ஒன்றுதான். இங்கே நடக்கும் தவறு, கப்பல் புறப்படும் தேதியைப் பார்த்து பேக்கிங் தேதியைப் போடுவது. பார்க்க வேண்டியது கட்-ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்குச் சரக்கை ஏற்கும் கடைசி நேரம். அதற்குள் சரக்கு சேர்ந்து, கஸ்டம்ஸ் முடிந்து, கன்டெய்னர் டெர்மினலுக்குள் போயிருக்க வேண்டும். கன்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது என்பது 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க உள்ள விதி. பேக்கிங் லிஸ்டில் 412 பெட்டி, இறக்கியது 410 என்றாலோ, காலர் வைத்த ஆண்கள் போலோவை 6105 என்ற சுங்கக் குறியீட்டுக்குப் பதில் டீ-சர்ட்டுக்கான 6109-இல் போட்டிருந்தாலோ, பேப்பரைத் திருத்தும் நேரத்தில் கப்பல் போய்விடும். பெட்டி ஒட்டி முடித்த பிறகுதான் பேப்பர் வேலை என்ற வழக்கத்தை விடுங்கள். ஷிப்பிங் பில்லின் (ஏற்றுமதிக்காகக் கஸ்டம்ஸில் தரும் ஆவணம்) வரைவைச் சரக்கு பாலிபேக்குக்குள் போகும்போதே சிஎச்ஏவோடு (கஸ்டம்ஸ் வேலையைப் பார்க்கும் ஏஜென்ட்) உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

கப்பல் பயணத்திலும் ஒரு மயக்கம் உண்டு: குறைந்த நாள் காட்டும் சர்வீஸே வேகமானது என்று. தூத்துக்குடிச் சரக்கில் பெரும்பகுதி ஃபீடரில் (சிறிய இணைப்புக் கப்பல்) கொழும்பு போய் அங்கே தாய்க்கப்பல் (நெடுந்தூரம் போகும் பெரிய கப்பல்) ஏறுகிறது. ஃபீடருக்கும் தாய்க்கப்பலுக்கும் இடைவெளி ஒரே நாள் என்றால் அட்டவணையில் அழகாக இருக்கும். ஃபீடர் தாமதமானால் கன்டெய்னர் கொழும்பிலேயே அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்கும். நான்கு நாள் கூடுதலாகக் காட்டினாலும் சொன்ன நாளில் சேரும் சர்வீஸே நல்லது. செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய், பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடியது. அந்த நாட்களை நாம் குறைக்க முடியாது. குறைக்க முடியாததைப் பையரிடம் முதலிலேயே சொல்லாமல், ஃபேக்டரிக்குள் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் தவறு.

ஒளித்து வைக்கும் நாட்களும் இருக்கின்றன. நிட்டிங் இரண்டு நாள் கூட்டிச் சொல்கிறது, டையிங் மூன்று, மெர்ச்சண்டைசர் (ஆர்டரைத் தொடக்கம் முதல் கவனிப்பவர்) தன் பங்குக்கு நான்கு. யாரும் அதைத் திருப்பித் தருவதில்லை. சீக்கிரம் முடித்தவரும் சொன்ன தேதியில்தான் அனுப்புகிறார், இல்லாவிட்டால் அடுத்த முறை அந்தத் தேதியையே கேட்பார்களே! அந்த நாட்களைப் பிரித்துப் பதுக்காமல், மொத்தமாகக் கட்-ஆஃபுக்கு முன்னால் ஒரே இடத்தில் வையுங்கள். சீக்கிரம் முடித்துக் கொடுத்தவரிடம் அடுத்த முறை நாளைக் குறைக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

கடைசியில் எல்லாம் தவறினால் ஏர், அதாவது விமானத்தில் அனுப்புவது. கப்பல் கட்டணத்தைப் போலப் பல மடங்கு, அந்த ஆர்டரின் லாபம் போய்விடும். பணம் கட்டி, திட்டித் தீர்த்து, மறந்துவிடுவது வழக்கம். அதற்குப் பதில் அந்தக் கோப்பை எடுத்து, தாமதம் எந்தத் தேதியில் முதலில் தெரிந்தது, யாருக்குத் தெரிந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டிங் மாஸ்டருக்கு வாரக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.