ஜெர்மனியில் ஸ்டார்ட்அப் உதவித்தொகை: கம்பெனியைப் பதிவு செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெர்மனிக்கு வந்து மாஸ்டர்ஸ் முடித்தவர்களும், இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு "சொந்தமாக ஏதாவது ஆரம்பிக்கலாமே" என்று கிளம்புபவர்களும் முதலில் ஒரு பெயர் வைப்பார்கள், அப்புறம் லோகோ செய்வார்கள், அதே வேகத்தில் நோட்டரியிடம் போய் ஒரு யூஜி கம்பெனியை (மிகக் குறைந்த மூலதனத்தில் தொடங்கும் ஜெர்மன் நிறுவன வகை) பதிவும் செய்துவிடுவார்கள். ஒரு யூரோ மூலதனத்தில்கூட யூஜி தொடங்கலாம் என்பதால் கை அரிக்கத்தான் செய்யும். அந்தக் கடைசி வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கும் பெரிய உதவித்தொகையான எக்சிஸ்ட், இன்னும் கம்பெனி தொடங்காதவர்களுக்கானது. எனக்குத் தெரிந்த ஒருவர் பதிவை முடித்துவிட்டு, இனிப்பும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விண்ணப்ப நிபந்தனைகளைப் படித்தார். படித்த அன்றே அந்தக் கதவு மூடியிருந்தது.

சரி, இந்தப் பணம் எதற்கு? தொழிலில் போடும் முதல் என்று நினைக்காதீர்கள். நீங்கள் யோசனையைப் பொருளாக மாற்றும் வரை வாடகை கட்டவும் சாப்பிடவும் தருகிற பணம் இது. திருப்பிக் கட்ட வேண்டாம், கம்பெனியில் பங்கும் கேட்க மாட்டார்கள். எக்சிஸ்ட்டின் முழுப் பெயர் எக்சிஸ்ட் க்ரூண்டுங்ஸ் ஸ்டிபெண்டியம், இது ஜெர்மன் பொருளாதார அமைச்சகத்தின் திட்டம், ஐரோப்பிய சமூக நிதியும் இதில் சேர்கிறது. ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். மாணவராக இருந்தால் மாதம் 1000 யூரோ, பட்டம் முடித்தவருக்கு 2500, முனைவர் பட்டம் பெற்றவருக்கு 3000. குழந்தை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 150 யூரோ கூடுதல். இது போக, பொருட்கள் வாங்கவும் மாதிரி செய்யவும் தனி ஆளுக்கு 10,000 யூரோ வரை, குழுவாக இருந்தால் 30,000 வரை, ஆலோசகர் செலவுக்கு 5000. குழு என்றால் அதிகபட்சம் மூன்று பேர்.

இனி முக்கியமான விஷயம். நம் ஆட்களில் பாதிப் பேர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள், நீங்கள் முதலில் பாருங்கள்: பர்ஸில் இருக்கும் குடியிருப்பு அனுமதி அட்டை. வேலை செய்வது பற்றி அதில், அல்லது கூடவே கொடுத்த பச்சைத் தாளில், என்ன எழுதியிருக்கிறது? "எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாவ்ப்ட்" என்று இருந்தால் சம்பள வேலை, சொந்தத் தொழில் இரண்டும் செய்யலாம். நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்கள், குடும்ப விசாவில் வந்தவர்கள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள் எல்லாம் பொதுவாக இந்த வகை. "பெஷெஃப்டிகுங்" என்ற சொல் மட்டும் இருந்தால் அது சம்பள வேலையை மட்டுமே குறிக்கும், சொந்தத் தொழிலுக்குத் தனி அனுமதி கேட்க வேண்டும். மாணவர் விசாவும், ஒரு கம்பெனியோடு கட்டிய வேலை விசாவும் பெரும்பாலும் இந்த வகைதான். இப்படி இருப்பவர்கள் படிப்பையோ வேலையையோ தொடர்ந்துகொண்டே சொந்தத் தொழிலும் செய்ய, குடியிருப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு 6-ஆம் உட்பிரிவின்படி வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்கலாம். புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் இருப்பவர்களுக்குச் சொந்தத் தொழில் அனுமதி கிடையாது, அவர்கள் முடிவு வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

2024 மார்ச்சில் நமக்குச் சாதகமாக ஒன்று நடந்தது. அதே 21-ஆம் பிரிவில் "2பி" என்று ஒரு உட்பிரிவு சேர்ந்தது. தகுதியான பட்டமோ தொழிற்கல்வியோ இருந்து, ஒரு ஜெர்மன் அறிவியல் அமைப்போ அரசு அமைப்போ தொழில் தொடங்கத் தரும் உதவித்தொகையும் கையில் இருந்தால், அதை வைத்தே 18 மாதம் வரை குடியிருப்பு அனுமதி வாங்கலாம். முன்பெல்லாம் உதவித்தொகை கிடைத்தாலும் "உங்கள் தொழிலால் இந்த ஊருக்கு என்ன பயன், முதல் எங்கே" என்ற கேள்விகளை விசா அதிகாரியிடம் தனியாகத் தாண்ட வேண்டியிருந்தது. இப்போது உதவித்தொகைக் கடிதமே பாதி வேலையை முடித்துவிடும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதன் மதிப்பை அனாபின் தரவுத்தளத்தில் முன்கூட்டியே தேடி, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

எக்சிஸ்ட்டுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோதான் உங்களுக்காக விண்ணப்பிக்கும். அதனால் உங்கள் முதல் வாசல் அமைச்சகம் இல்லை, உங்கள் பல்கலையில் இருக்கும் தொழில்தொடக்க மையம்தான். அநேகமாக எல்லாப் பல்கலைகளிலும் ஒன்று இருக்கும். அங்கே ஒரு மின்னஞ்சல் போட்டு அரை மணி நேரம் கேளுங்கள். போகும்போது ஐம்பது ஸ்லைடு வேண்டாம், ஒரு பக்கம் போதும்: யாருக்கு என்ன கஷ்டம், இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், நீங்கள் செய்வதில் தொழில்நுட்ப ரீதியாக என்ன புதுசு. அந்த மூன்றாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எக்சிஸ்ட் புதுமையான, தொழில்நுட்பம் அல்லது ஆராய்ச்சி அறிவு சார்ந்த யோசனைகளுக்கானது. மளிகைக்கடை, உணவகம், சாதாரண ஆன்லைன் விற்பனை இதெல்லாம் நல்ல தொழில்களாகவே இருக்கலாம், ஆனால் இங்கே எடுபடாது. அதற்கு வேறு வழிகள் உண்டு, கீழே சொல்கிறேன்.

மையத்துக்குப் பிடித்துவிட்டால் அடுத்து ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் ஆய்வேட்டைப் பார்த்தவரே நல்லது, ஏனென்றால் உங்களைப் பற்றி அவர் எழுதும்போது பொதுவாக எழுத மாட்டார். பல்கலை உங்களுக்கு இலவசமாக இடமும் ஆய்வக வசதியும் தர வேண்டும், அதனால் யாரோ ஒருவர் அங்கே உங்களுக்காகப் பேச வேண்டியிருக்கும். படிப்பு முடித்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். மாணவர்கள் என்றால் படிப்பில் பாதியாவது தாண்டியிருக்க வேண்டும், முழுக்க மாணவர்களே இருக்கும் குழுவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. விண்ணப்பத்துக்கு வருடம் முழுக்க நேரம் உண்டு, கடைசித் தேதி என்ற பதற்றம் இல்லை. ஆனால் யோசனை அறிக்கை எழுதவும், பல்கலையின் உள் கையெழுத்துகள் வாங்கவும், பரிசீலனை முடியவும் மாதங்கள் ஓடிவிடும். உங்கள் விசா எப்போது முடிகிறது என்பதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள், "அடுத்த மாதம் பணம் வந்துவிடும்" என்று நம்பி வேலையை விடாதீர்கள்.

யோசனை அறிக்கையில் சந்தை எத்தனை பில்லியன் என்று எழுதுவதைவிட, நீங்கள் பேசிய பத்து வாடிக்கையாளர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது மேல். ஒரு மருத்துவமனைக்கோ தொழிற்சாலைக்கோ விற்கப்போகிறீர்கள் என்றால், அங்கிருந்து "முயன்று பார்க்கத் தயார்" என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதை மறைக்கவும் வேண்டாம், அதையே காரணமாகக் காட்டி இரக்கம் தேடவும் வேண்டாம். உங்களுக்கு ஒரு மொழி, ஒரு நாட்டுச் சந்தை, அங்கே தயாரிப்புத் தொடர்புகள் தெரியும் என்றால் அது குழுவின் பலம், அதை ஒரு பத்தியில் நேராக எழுதுங்கள். குழுவில் மூன்று பேரும் புரோகிராமர்களாக இருந்தால் "விற்பது யார்" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் இல்லாவிட்டால் ஒரு ஆளை மாற்றிச் சேர்ப்பதே நல்லது, நட்பு கெடும் என்ற பயம் புரிகிறது, ஆனாலும்.

அப்புறம், கண்டுபிடிப்பு யாருடையது? நீங்கள் பல்கலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபோது கண்டுபிடித்தது என்றால் அதைப் பல்கலையிடம் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு, பல்கலை அதை உரிமை கோரலாம். ஊழியராக இல்லாத மாணவரின் கண்டுபிடிப்பு பொதுவாக மாணவருக்கே. இதை உதவித்தொகை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். முதலீட்டாளர் வரும் நாளில் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் உங்கள் கை தாழ்ந்திருக்கும்.

பணம் கைக்கு வந்ததும் 2500 முழுதாக நமக்கே என்று எண்ண வேண்டாம். உதவித்தொகை சம்பளம் இல்லை, அதனால் உங்கள் சார்பாக யாரும் மருத்துவக் காப்பீடு கட்ட மாட்டார்கள், அதை நீங்களே கட்ட வேண்டும். 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு மலிவான மாணவர் கட்டணம் கிடைக்கும், மற்றவர்களுக்கு மாதச் செலவில் கணிசமான துண்டு இதற்கே போகும். ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எதிலும் அந்த ஒரு வருடம் சேராது என்பதையும் மனதில் வையுங்கள், நிரந்தரக் குடியிருப்புக்கு ஓய்வூதிய மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பல்கலைத் தொடர்பே இல்லாதவர்கள் மாநிலத் திட்டங்களைப் பாருங்கள். நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் உதவித்தொகை 2018-இல் மாதம் 1000 யூரோவாகத் தொடங்கியது, ஒரு வருடம் வரை கிடைக்கும், பட்டம் கட்டாயம் இல்லை, கம்பெனி தொடங்கி ஒரு வருடம் தாண்டாதவர்களும் கேட்கலாம். எக்சிஸ்ட்டில் கதவு மூடியவர்களுக்கு இது ஒரு ஆறுதல். உள்ளூர் ஸ்டார்ட்அப் வலையமைப்பின் நடுவர் குழு முன் பேச வேண்டும். சாக்சனியில் இன்னோஸ்டார்ட்போனஸ், பெர்லினில் பெர்லின் ஸ்டார்ட்அப் ஸ்டிபெண்டியம் என்று தனித்தனியாக இருக்கின்றன. பெண்களுக்கென்று எக்சிஸ்ட் விமென் உண்டு. மாநிலத் திட்டங்கள் பட்ஜெட்டைப் பொறுத்து மாறும், அதனால் நண்பர் போன வருடம் சொன்ன தொகையை நம்பாமல் இந்த வருட அறிவிப்பைப் படியுங்கள்.

கடை, உணவகம், கைத்தொழில் என்று யோசிப்பவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் க்ரூண்டுங்ஸ்சூஷுஸ் என்ற தொழில்தொடக்க உதவிதான் சரியான வழி. காப்பீட்டுடன் வேலை பார்த்து, வேலை போய், வேலையின்மைப் படி வாங்குபவர்களுக்கானது இது. அந்தப் படி இன்னும் 150 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு அதே தொகையுடன் மாதம் 300 யூரோ சேர்த்துத் தருவார்கள், அதன் பிறகு ஒன்பது மாதம் 300 மட்டும் நீட்டிக்கக் கேட்கலாம். தொழில் நிலைக்கும் என்று வணிகச் சங்கம் போன்ற ஒரு தகுதியான அமைப்பு சான்று எழுதித்தர வேண்டும். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம், அதனால் இங்கேயும் முதலில் விண்ணப்பம், பிறகு பதிவு. வேலை விசாவில் இருக்கும்போது வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள், சொந்தத் தொழில் அனுமதியையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். அரசின் அடிப்படை வாழ்க்கைச் செலவு உதவியில் இருப்பவர்களுக்கு, அதை வழங்கும் ஜாப்சென்டர் அலுவலகத்தின் ஐன்ஸ்டீக்ஸ்கெல்ட் என்ற தொடக்க உதவி இருக்கிறது.

எக்சிஸ்ட் உதவித்தொகை முடியும் முன் பிசினஸ் பிளான் கொடுக்க வேண்டும், கம்பெனியைப் பதிவு செய்ய இப்போதுதான் நோட்டரிக்கு நேரம். ஜெர்மன் சரியாகப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பு ஏற்பாடு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்று கையெழுத்து நடக்காமல் திரும்ப வேண்டிவரும். யூஜிக்குப் பதில் ஜிஎம்பிஹெச் (ஜெர்மனியின் வழக்கமான வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்றால் மூலதனம் 25,000 யூரோ, பதிவின்போது குறைந்தது 12,500 கணக்கில் இருக்க வேண்டும். பதிவு முடிந்ததும் விசாவை மாற்ற வேண்டும்: ஜெர்மனியில் பட்டம் முடித்தவர்களுக்கு 21-ஆம் பிரிவின் 2ஏ எளிது, படித்ததற்கும் தொழிலுக்கும் தொடர்பு தெரிந்தால் போதும், உள்ளூருக்கு என்ன பயன் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். தொழில் ஓடி, அதில் குடும்பம் நடந்தால் மூன்று வருடத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். வயது 45-ஐத் தாண்டியவர்களிடம் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். இந்த விசா மாற்றத்துக்கான நேரத்தை உதவித்தொகையின் எட்டாவது மாதத்திலேயே கேட்டு வையுங்கள், பெரிய நகரங்களில் அலுவலகத்தின் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும்.