முதல் டெல்லிப் பயணம்: ஒரு நாளுக்கு ஒரு தலைநகரம்

டெல்லிக்கு முதல் தடவை கிளம்புகிறவர்கள் செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில் என்று ஒரு பட்டியல் எழுதி, டாக்ஸி பேசி, ஒரே நாளில் முடித்துவிடப் பார்ப்பார்கள். குதுப்மினார் தெற்குக் கோடியில் இருக்கிறது, செங்கோட்டை வடக்கே, நடுவில் 15 கிலோமீட்டருக்கு மேல் நெரிசல். வீடு திரும்பிய பிறகு எது யார் கட்டியது என்பதே மனதில் நிற்காது.

டெல்லி என்று நாம் சொல்வது பல தலைநகரங்களின் தொகுப்பு. ஆட்சி மாறும்போதெல்லாம் பழைய ஊரை விட்டுச் சற்றுத் தள்ளிப் புது ஊர் கட்டினார்கள். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: நான்கு நாள் ஒதுக்குங்கள், ஒரு நாளுக்கு ஒரு டெல்லி, பழையதிலிருந்து புதியதுக்கு.

படி 1: மாதம்

பிப்ரவரி, மார்ச் நல்லது. மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் காற்று மாசு கடுமை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் தாமதமாகும். ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் விடமாட்டார்கள். ஜனவரி 26-ஐ ஒட்டி இந்தியா கேட் பக்கம் கெடுபிடி அதிகம்.

படி 2: கிழமை

இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. என் முதல் பயணத்தில் அம்மாவைத் திங்களன்று செங்கோட்டைக்கு அழைத்துப் போனேன். வாசலோடு திரும்பினோம், மறுநாள் ஊருக்கு ரயில். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

வெள்ளி மதியம் ஜாமா மசூதியில் தொழுகை, பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சாந்தினி சௌக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறன்று அடைப்பு. வியாழன் மாலை நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்கள் பாடுவார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதன்கிழமை தொடங்குவதுதான் சரியாக வரும்.

படி 3: டிக்கெட்டும் ஸ்டேஷனும்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். டெல்லியில் பெரிய ஸ்டேஷன்கள் பல. சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லி ஸ்டேஷனில் முடியும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனில் முடியும். பழைய டெல்லி ஸ்டேஷன் வேறு. திரும்பும் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இரண்டு முறை பாருங்கள்.

படி 4: தங்குமிடம்

மெட்ரோவின் மஞ்சள் லைனிலோ வயலட் லைனிலோ ஒரு நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். நாம் பார்க்கப்போகும் இடங்களுக்கு இந்த இரண்டு லைனே போதும். சென்ட்ரல் செக்ரடேரியட்டிலும் காஷ்மீரி கேட்டிலும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறலாம். முதல் பெட்டி பெண்களுக்கானது.

தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டை ஆன்லைனிலேயே எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டாம். 15 வயதுக்குக் கீழே இலவசம். இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கும் இந்தியர்களுக்கான கட்டணம்தான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

படி 5: நான்கு நாட்கள்

முதல் நாள், புதன்: மெஹ்ரோலி. மஞ்சள் லைனில் குதுப்மினார் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக் காலையிலேயே போய்விடுங்கள். கோபுரத்தின் உயரம் 72.5 மீட்டர். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குதுபுதீன் ஐபக் தொடங்கியதை அவர் மருமகன் இல்துமிஷ் உயர்த்தினார். 1981-இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு உள்ளே ஏற விடுவதில்லை. அதனால் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கிளம்பாதீர்கள்!

பக்கத்து மசூதியின் தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மணிகள் செதுக்கிய கோயில் தூண்கள் அவை. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது, 1600 ஆண்டு தாண்டியும் துருப்பிடித்து அரிக்கவில்லை. இரும்பில் உள்ள பாஸ்பரஸ் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கியதே காரணம்.

அப்புறம் வளைவுகள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். மசூதியின் முன்சுவரில் உள்ள உயரமான வளைவுகளில் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி அடுக்கியிருப்பார்கள். உள்ளூர்ச் சிற்பிகளுக்குக் கைவந்த முறை அது. சில அடி தள்ளி 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய அலாய் தர்வாஸா நிற்கிறது. அங்கே ஆப்பு வடிவில் வெட்டிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்குகின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டில் கைகள் புது வித்தை கற்றுக்கொண்டதை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். குதுப்மினாரை மிஞ்ச நினைத்து அதே அலாவுதீன் தொடங்கிய இன்னொரு மினார், 1316-இல் அவர் இறந்ததும் அடித்தளத்துக்கு மேல் ஒரு நிலையோடு நின்றுபோனது, அதுவும் அங்கேயே இருக்கிறது.

இரண்டாம் நாள், வியாழன்: ஹுமாயூன் கல்லறை. வயலட் லைனில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் என்ற பிரபுவின் எண்கோணக் கல்லறையை முதலில் பாருங்கள், அது மூத்தது. பிறகு பெரியது. கணவர் ஹுமாயூனுக்காக பேகா பேகம் கட்டச் செய்தது, 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது. நான்காகப் பிரித்த தோட்டம், நடுவில் உயர்ந்த மேடை, மேலே வெள்ளைக் குவிமாடம். தாஜ்மஹாலுக்கு வேலை தொடங்கியது 1632-இல்தான் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். மதியம் எதிரே சுந்தர் நர்சரி பூங்காவில் நிழலில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் நிஜாமுதீன் தர்கா. தலையை மூடத் துணி வேண்டும். கவிஞர் அமீர் குஸ்ரோவின் கல்லறையும் அங்கேதான்.

நான்காம் நாள், சனி: ஷாஜகானாபாத், அதாவது இன்றைய பழைய டெல்லி. காலவரிசைப்படி வெள்ளியன்று வரவேண்டியது, தொழுகைக்காக ஒரு நாள் தள்ளுகிறோம். வயலட் லைனில் லால் கிலா, அதாவது செங்கோட்டை நிலையம். ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிய ஷாஜகான் 1648-இல் முடித்த கோட்டை. உள்ளே புல்வெளி ஏன் இவ்வளவு என்று தோன்றும். 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் பிடிபட்டது நீங்கள் வியாழனன்று பார்த்த ஹுமாயூன் கல்லறையில். அவரை விசாரித்தது இந்தக் கோட்டையின் திவான்-இ-காஸ் மண்டபத்தில், அவருடைய முன்னோர்கள் அரியணை போட்டு அமர்ந்த இடத்தில். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெளியே வந்து சாந்தினி சௌக், அப்புறம் ஜாமா மசூதி. தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், கை கால் மறைக்கும் உடை அவசியம்.

புது டெல்லியை மூன்றாம் நாளிலேயே, அதாவது வெள்ளியன்று, பார்த்துவிடுங்கள். காலையில் தேசிய அருங்காட்சியகம். மாலையில் சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கிக் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து இந்தியா கேட் வரை போகும் கர்தவ்ய பாதையில் நடங்கள். குடியரசுத் தலைவர் மாளிகையை உள்ளே பார்க்க முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்திருக்க வேண்டும். 1911-இல் கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்ற அறிவித்து, 1931-இல் திறந்த நகரம் இது. விஜய் சௌக்கில் நின்று வடக்கு, தெற்குச் செயலகங்களைப் பாருங்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வரைந்தவை. சுவரில் செம்மணற்கல், ஜன்னலில் கல்லில் குடைந்த ஜாலி, கூரை மேல் தூண்கள் தாங்கும் சிறு குடைகளான சத்ரிகள். அந்தச் சத்ரிகளை முந்தின நாள் ஹுமாயூன் கல்லறையின் மாடத்தில் எண்ணியிருப்பீர்கள்.