வெளி நினைவகத்துக்கு மைக்ரோகண்ட்ரோலர் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், பர்கூர், தர்மபுரிப் பக்கத்து மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட் போர்டுகளோடு யோசனை கேட்க வரும்போது, மைக்ரோகண்ட்ரோலரோடு (கருவியை இயக்கும் சிறு கணினிச் சிப்போடு) தனி நினைவகச் சிப்பை இணைப்பதில் நாங்கள் தொடங்கிய காலத்துப் பிழைகளே புதிய சிப்புகளின் மேல் திரும்ப நடப்பதைக் காண்கிறேன். மெகாபிட்டை மெகாபைட் என்று படிப்பது, 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் கொடுப்பது ஆகியவற்றை இங்கே எழுதவில்லை. அவை சீக்கிரமே தாமாகத் தெரிந்துவிடும். போர்டு அச்சாகி வந்த பிறகே வெளிப்படுகிற தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

முதல் பக்கத்தை நம்பிப் பேக்கேஜை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். எஸ்டிஎம்32எஃப்103 என்னும் மைக்ரோகண்ட்ரோலர் வரிசையில் 256 கிலோபைட்டும் அதற்கு மேலும் ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள சிப்புகளின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளரின் விவரத் தாளைத் திறந்தால், எஃப்எஸ்எம்சி என்னும் வெளி நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். ஆனால் ஒரே சிப் வெவ்வேறு எண்ணிக்கையில் பின்கள், அதாவது கால்கள் உள்ள பேக்கேஜ்களில் (உறைகளில்) வருகிறது. 64 பின் பேக்கேஜில் அது கிடையாது; 144 பின்னில் முழுமையாக உண்டு; 100 பின்னில் அரைகுறையாக உண்டு. இந்த அரைகுறைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

காரணம் எளியது. ஏ0 முதல் ஏ15 வரையிலான முகவரிக் கோடுகள் எஃப், ஜி ஆகிய இரு போர்ட்டுகளில் (பின் தொகுதிகளில்) இருக்கின்றன. 100 பின் பேக்கேஜில் அந்தப் போர்ட்டுகளே வெளியே வருவதில்லை. தரவுக் கோடுகள் பதினாறும், ஏ16 முதல் ஏ23 வரையிலான முகவரிக் கோடுகளும் மட்டும் கிடைக்கும். ஓசூரில் ரோஜா வளரும் பசுமைக்குடில்களுக்காக வெப்பம், ஈரப்பதம் காட்டும் கருவி செய்த ஒரு குழு, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 100 பின் போர்டு ஒன்றை வாங்கி, அதில் 16 பிட் எல்சிடியை மாட்டியது. திரை உடனே ஓடியது. கட்டளையா தரவா என்று பிரித்துச் சொல்ல எல்சிடிக்கு ஒரே ஒரு முகவரிக் கோடு போதும், அதற்கு ஏ16 இருக்கிறது. திரை ஓடியதால் பஸ் (முகவரி, தரவுக் கோடுகளின் தொகுதி) சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து, 19 முகவரிக் கோடுகள் கேட்கிற ஒரு மெகாபைட் எஸ்ரேம் என்னும் வெளி ரேம் சிப்பையும், அதே 100 பின் மைக்ரோகண்ட்ரோலர்களையும் மொத்தமாக வாங்கிவிட்டார்கள்.

சர்க்யூட் வரையும்போதுதான் கோடுகள் இல்லாதது தெரிந்தது. முகவரியும் தரவும் ஒரே கோடுகளில் மாறிமாறிப் போகும் முறையை 100 பின் சிப் ஏற்கும் என்பதால், முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் 573 லாட்ச் சிப் இரண்டைச் சேர்த்தார்கள். பாலிடெக்னிக்கில் 8051 என்னும் பழைய மைக்ரோகண்ட்ரோலரைப் படித்த கை அங்கே பழக்கத்தில் ஓடியது: கோடுகளில் இப்போது இருப்பது முகவரி என்று லாட்ச்சுக்குச் சொல்லும் சைகை 8051இல் ஏஎல்இ, எஃப்எஸ்எம்சியில் என்ஏடிவி. ஏஎல்இ உயர்நிலையில் இயங்குவதால் லாட்ச்சுக்கு நேராகப் போகலாம், ஆனால் என்ஏடிவி தாழ்நிலையில் இயங்குவது, நடுவில் சைகையைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். அதை விட்டதால், எழுதுகிற தரவே முகவரியாகவும் எஸ்ரேமைப் போய்ச் சேர்ந்தது. போதாக்குறைக்கு, என்ஏடிவி வருகிற பிபி7 பின்னில் ஏற்கெனவே நேரம் காட்டும் கடிகாரச் சிப்பின் ஐ2சி (இரு கம்பித் தொடர்பு) கோடு உட்கார்ந்திருந்தது. புரோகிராமில் தவறு தேடி நாட்கள் போயின. கடைசியில் போர்டையே மீண்டும் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

விலை கேட்பதற்கு முன்பு, வாங்கப்போகும் அதே பேக்கேஜின் பின் அட்டவணையை எடுத்து, நினைவகத்துக்குப் போகும் ஒவ்வொரு பின்னையும் அடித்துவிட்டு, மிச்சத்தில் சென்சார், கடிகாரம், சீரியல் போர்ட் எல்லாம் அடங்குகின்றனவா என்று பாருங்கள். எஸ்டிஎம்32 சிப்புகளின் பின்களை ஒதுக்கிப் பார்க்க உதவும் க்யூப்எம்எக்ஸ் மென்பொருளில் முழுப் பாக எண்ணைக் கொடுத்தாலே எந்த நினைவக இணைப்பு முறை கிடைக்காது என்பது தெரிந்துவிடும்.

எஃப்எஸ்எம்சி இருந்தால் எஸ்டிரேமும் ஓடும் என்று நினைப்பது

ஓடாது. எஸ்டிரேம் என்பது இடைவிடாமல் புதுப்பிக்க வேண்டிய வேறு வகை ரேம். அதே எஸ்டிஎம்32 குடும்பத்தின் எஃப்407இல் இருப்பது எஃப்எஸ்எம்சி. எஸ்டிரேமை ஏற்கும் எஃப்எம்சி எஃப்429இல் இருக்கிறது.

இஎஸ்பி32 ரோவரின் 16, 17ஆம் ஜிபிஐஓக்கள்

ரோவர் என்பது பிஎஸ்ரேம் என்னும் கூடுதல் ரேம் சேர்த்து வரும் இஎஸ்பி32 மாட்யூல். அந்த இரண்டு பொதுப் பயன்பாட்டுப் பின்களும் பிஎஸ்ரேமுக்குப் போய்விட்டன. ரிலேவை வேறெங்காவது மாட்டுங்கள்.

கொள்ளளவை மட்டும் பார்த்து வேகத்தை விடுவது

800க்கு 480 புள்ளிகள் கொண்ட 16 பிட் திரைக்கு ஒரு படம் 7,68,000 பைட். அதை நொடிக்கு 60 முறை படிக்க ஏறத்தாழ 46 மெகாபைட் வேகம் வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோட்டுப் பிஎஸ்ரேமின் ஏட்டு வேகமே 40 மெகாபைட்தான்; புராசசர் படம் வரைவதற்கும் அதே வழியில்தான் வர வேண்டும். 320க்கு 240 திரை என்றால் 1,53,600 பைட். ஆர்பி2040 என்னும் மைக்ரோகண்ட்ரோலரின் 264 கிலோபைட் உள் ரேமிலேயே அது அடங்கும்.

புரோகிராம் ஓடும் ஃபிளாஷிலேயே பதிவுகளை எழுதுவது

ஆர்பி2040க்குள் புரோகிராமை வைக்கும் ஃபிளாஷ் கிடையாது. வெளிச் சிப்பிலிருந்துதான் படிக்கிறது. அந்தச் சிப்பில் அழிப்பதும் எழுதுவதும் நடக்கும்போது அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. ஆகவே எழுதும் செயற்கூறை ரேமில் வைத்து, இன்டரப்டுகளை (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்புகளை) நிறுத்தி, சிப்பில் உள்ள இரண்டாவது புராசசர் கோரையும் ஓரமாக நிறுத்த வேண்டும். மேசையில் ஒழுங்காக ஓடிய கருவி தோட்டத்தில் எப்போதாவது உறைந்து நிற்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

வெளி ரேம் வேண்டுமா என்று கேட்காமலே வாங்குவது

அந்தப் பசுமைக்குடில் குழு எஸ்ரேமைத் தேடியது பழைய அளவீடுகளைச் சேமிக்கத்தான். நிமிடத்துக்கு 8 பைட் என்றால், ஓராண்டின் 5,25,600 நிமிடங்களுக்குச் சுமார் 42 லட்சம் பைட் ஆகிறது. 64 மெகாபிட் எஸ்பிஐ ஃபிளாஷ் (சில கோடுகளிலேயே தரவை அனுப்பும் ஃபிளாஷ் சிப்) ஒன்றில் ஏறக்குறைய இரண்டாண்டுப் பதிவு அடங்கும்; மின்சாரம் போனாலும் அழியாது. அந்தச் சிப்புக்கு எட்டே கால்கள்; 64 பின் மைக்ரோகண்ட்ரோலரிலேயே மாட்டியிருக்கலாம்.