கீஸ் பெண்ட் போர்வைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த சிற்றூர் கீஸ் பெண்ட். இங்குள்ள கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் (குவில்ட்) உலகப் புகழ் பெற்றவை. 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வந்தன.

ஆற்றின் அக்கரையில் உள்ள கேம்டன் ஊரில் இருந்து காரோடு படகில் ஏறிப் போவதுதான் என் பரிந்துரை. கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு ஆற்றைக் கடந்து கேம்டனுக்குக் கிளம்பிய காலத்தில், 1962இல், வெள்ளையின அதிகாரிகள் இந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓடியது 2006இல்தான். அதை நினைத்துக்கொண்டே ஆற்றைக் கடந்து பாருங்கள்! படகு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். தவறவிட்டால் சாலை வழியாகச் சுற்றிவர ஒரு மணி நேரம் போய்விடும். ஊருக்குள் சாலையோரமாகவே போர்வை வடிவங்களைப் பெரிய பலகைகளில் வரைந்து நிறுத்தியிருக்கிறார்கள். மெதுவாக ஓட்டுங்கள்.

அப்புறம், அலபாமாவின் தலைநகரான மாண்ட்கமரியில் உள்ள நுண்கலை அருங்காட்சியகத்திடமும் இந்தப் போர்வைகள் உண்டு. ஆனால் வெளிச்சம் பட்டால் துணி வெளுக்கும் என்பதால் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் எப்போதும் மாட்டி வைப்பதில்லை. இப்போது எது பார்வைக்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஜீன்ஸ் துணிப் போர்வை கண்ணில் பட்டால் கிட்டே போய்ப் பாருங்கள். வெளுத்த நீலத்துக்கு நடுவே அடர்நீலமாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். பிரித்தெடுத்த பாக்கெட் இருந்த இடம் அது.