கால் தளர்ந்தால் எண்ணெய் தடவி நாளைப் போக்காதீர்கள்

வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சரியாகி இரண்டு வாரம் இருக்கும். பாதத்தில் மதமதப்பு தொடங்கும். மறுநாள் படியேற முடியாது. அதற்கடுத்த நாள் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. நம் குமரி மாவட்டத்தில் இப்படி ஒருவர் சொன்னால் ஆசானிடம் கூட்டிப்போய் வர்மத் தடவல் பார்ப்பவர்கள் பலர். சுளுக்குக்கு நானும் போவேன். ஆனால் இது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி நம் நரம்புகளையே தாக்குவது இது. தடவலில் தீராது.

முதுகு வலியும் சேர்ந்து வருவதால், டிஸ்க் என்று நினைத்து வலி மாத்திரை போடுபவர்களும் உண்டு. பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை முடக்கும்; இது இரண்டு காலிலும் தொடங்கி மேலே ஏறும். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டுவிரியன் பாம்பு கடித்த தடமே தெரியாமல் சில மணி நேரத்தில் இமை தொங்கி உடல் தளர்வதுண்டு.

எனக்கு மிகவும் பயம் தருவது மூச்சு விஷயம்தான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். மூச்சுத் தசை தளரும்போது அந்த எண் கடைசியில்தான் இறங்கும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். 20-ஐத் தாண்ட முடியவில்லை, குரல் கம்முகிறது, தண்ணீர் புரையேறுகிறது என்றால் உடனே ஐசியு வேண்டும். ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. திருவனந்தபுரம் பக்கம்தானே என்று காரில் படுக்கவைத்துக் கிளம்பாதீர்கள். முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சைப் பார்க்கட்டும்.

முதல் வாரத்தில் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்டீராய்டு இதற்குப் பயன்படாது. இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை 5 நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள், இல்லையென்றால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவார்கள். இரண்டும் சம பலன் தருபவை. 2 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. மருந்து ஏற்றிய பிறகும் சில நாள் தளர்ச்சி கூடலாம். அதைப் பார்த்து மனம் உடைந்து, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் 6 மாதத்துக்குள் துணையில்லாமல் நடக்கிறார்கள்.