துணை நடிகையைப் பின்தொடர்ந்து படம் போடுவது எப்படி: சுகிமுரா ஹருகோ

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாசகர் வட்டங்களில் ஜப்பானியப் படம் போடும்போது வரிசையை இயக்குநரை வைத்தே அமைக்கிறோம். ஒருமுறை துணை நடிகையை வைத்து அமைத்துப் பாருங்கள். அதற்குச் சுகிமுரா ஹருகோ (1909–1997) மிகப் பொருத்தம். புங்ககுசா நாடகக் குழுவின் தூண். ஓசு, நருசே, குரோசாவா என்ற மூன்று இயக்குநர்களிடமும் நடித்தவர்.

முதல் வாரம் 'லேட் ஸ்பிரிங்' (1949). இதில் அவர் நாயகியின் அத்தை. கோயிலில் கீழே கிடக்கும் பணப்பையை எடுத்து, நல்ல சகுனம் என்று மடியில் செருகிக்கொள்கிறார். போலீஸ்காரர் வருவதைக் கண்டதும் படியேறும் வேகத்தைப் பாருங்கள். சில நொடிகளில் முழு அத்தையும் தெரிந்துவிடுவார்.

அடுத்து 'டோக்கியோ ஸ்டோரி' (1953). இங்கேதான் கலந்துரையாடல் தடம் மாறும். தாய் இறந்ததும் தேம்பி அழுகிற மூத்த மகள் ஷிகே (சுகிமுரா), இறுதிச்சடங்கு முடிந்த கையோடு சாப்பாட்டின்போதே அம்மாவின் உடைகளை நினைவுக்காகக் கேட்கிறாள். "இப்படியும் ஒரு மகளா" என்று கூட்டம் பொரிந்து தள்ளும். நடிப்பைப் பற்றிய பேச்சே எழாது. படம் முடிந்ததும் அந்தச் சாப்பாட்டுக் காட்சியை மட்டும் ஒலியையும் சப்டைட்டிலையும் நிறுத்திவிட்டு மறுபடி போடுங்கள். அழுகையும் பொய்யில்லை, கேட்பதும் பொய்யில்லை என்பது அவர் முகத்திலேயே தெரியும்.

மூன்றாவது 'லேட் கிரிசாந்திமம்ஸ்' (1954). வட்டிக்கு விடும் முன்னாள் கெய்ஷாவாக (விருந்துகளில் ஆடிப் பாடும் தொழில்முறைப் பெண்), மையப் பாத்திரத்தில் வருகிறார். இதை முதலில் போட்டால் பிறகு ஓரத்தில் நிற்கும் அவரைக் கவனிக்கும் பழக்கம் வராது. 'ரெட் பியர்ட்' (1965) 185 நிமிடம். அரூர், பென்னாகரம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்கள். பாலியல் தொழில் விடுதியின் தலைவியாக வரும் அவரை மருத்துவமனைப் பெண்கள் முள்ளங்கியால் அடித்து விரட்டும் பகுதி மட்டும் போதும். நேரம் இருந்தால் 1995இல் வந்த 'எ லாஸ்ட் நோட்'. எண்பதைத் தாண்டிய வயதில் நாயகி.

சப்டைட்டிலை முந்தின நாளே சரிபாருங்கள். படம் நொடிக்கு 24 சட்டகமும் (ஃப்ரேம்) சப்டைட்டில் 25க்குச் செய்ததுமாக இருந்தால், 136 நிமிடப் படத்தின் கடைசியில் வசனம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். தொடக்கம் முதல் ஒரே அளவு விலகல் என்றால் வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் ஜி, எச் விசைகளால் சரியாகும். போகப் போகக் கூடுகிற விலகல் அந்த விசைகளால் தீராது; சப்டைட்டில் வேகத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு கோப்பு வேண்டும்.

யார் யாருக்கு என்ன உறவு என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். 'டோக்கியோ ஸ்டோரி'யில் ஷிகே, விதவை மருமகள் நொரிகோவுக்கு நாத்தனார் என்று எழுதிவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.